விளிம்பில் தொட்ட சக்கரம்

எங்கள் பழைய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நித்யா என்ற பெண் போன வாரம் மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தாள். அலுவலகம் ஒரு மலர் போடுகிறதாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தரவேண்டுமாம்.

"சார், காண்டாக்ட் அனாலிசிஸ் நம்ம ஆபீஸ்ல முதல்ல பண்ணினது நீங்கதானாமே. அத எழுதிக் குடுங்க சார், நல்லா இருக்கும்" என்றாள். தான் செய்துகொண்டிருந்த ஒரு வேலையையும் திறந்து காட்டினாள். ஒரு சக்கரம், அதன் கீழே ஒரு தகடு. இரண்டும் தொடுகிற இடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி.

"இதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சும்மா?"

"டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு சார்."

அந்தச் சிவப்புப் புள்ளியைச் சரியாகக் கண்டுபிடிக்க எனக்குப் பல வருஷம் ஆனது என்று மட்டும் அவளிடம் சொன்னேன். யாருக்காகக் கண்டுபிடித்தேனோ அவருக்கு அதனால் ஒரு நன்மையும் விளையவில்லை என்பதைச் சொல்லவில்லை. அதை இங்கே எழுதுகிறேன். மலரில் போடுவார்களோ என்னவோ.

நான் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக்காரன். அப்பாவும் அம்மாவும் பண்ணையில் கூலி வேலை. சர்க்கார் விடுதி, உதவிச்சம்பளம், பொறியியல் கல்லூரி என்று எப்படியோ ஏறி வந்து, ஆற்று மதகுகளுக்கு இரும்பு ஷட்டர் வடிவமைக்கும் ஓர் அலுவலகத்தில், திருச்சியில், வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் தெருவில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

நித்யா சொன்ன காண்டாக்ட் அனாலிசிஸ் என்பது தொடு அழுத்தக் கணக்கு. தொடு அழுத்தம் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஷட்டர் என்பது தண்ணீரைத் தடுத்து நிற்கும் இரும்புக் கதவு. அதை மேலே ஏற்றும்போதும் இறக்கும்போதும் சுலபமாக நகர வேண்டும் என்பதற்காக இரண்டு பக்கமும் சக்கரம் வைப்பார்கள். தூணில் பதித்த இரும்புத் தகட்டின் மேல் அந்தச் சக்கரம் உருளும். அவ்வளவு தண்ணீரும் கதவை நெருக்கும்போது அந்த முழுச் சுமையும் போய்ச் சேருமிடம், சக்கரம் தகட்டைத் தொடுகிற ஒரு கோடு. நெல் ஒன்றைப் படுக்க வைத்தால் அதன் அகலம்கூட அந்தக் கோட்டுக்கு இருக்காது. அந்தக் கோட்டில் அழுத்தம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. இரும்பு தாங்குமா, தாங்காதா என்பதற்கு அதுதான் பதில்.

எங்கள் தலைமை வடிவமைப்பாளர் வைத்திலிங்கம் சார். மெலிந்த மனிதர். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருப்பார். கால்குலேட்டர் வந்த பிறகும் மேசை இழுப்பறையில் ஸ்லைடு ரூல் வைத்திருந்தார். நாம் போட்ட கணக்கை எதிரே உட்கார வைத்துக்கொண்டுதான் படிப்பார். ஒவ்வொரு வரியாகப் படிப்பார். நம்பாத வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். என்ன தப்பு என்று சொல்லமாட்டார். தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தப் புள்ளி எதற்கு என்று நாமே கண்டுபிடித்துக்கொண்டு வரவேண்டும். விடையைக் கொண்டுபோய் நீட்டினால், "விடை இருக்கட்டும். உனக்கு ஏற்கெனவே தெரிஞ்ச எதுக்குப் பக்கத்துல இது இருக்கு, அதச் சொல்லு" என்பார். அவர் யாரையும் திட்டியதில்லை, யாரையும் பாராட்டியதும் இல்லை. என் சாதி என்னவென்று அவருக்குத் தெரியும். அதற்காக ஒரு புள்ளியைக் கூட்டியும் வைத்ததில்லை, குறைத்தும் வைத்ததில்லை. அந்த அலுவலகத்தில் அது எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத்தான் தெரியும்.

இனி ஊர்க்கதை. நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடமிருந்து எடுத்த நிலத்தில் கொஞ்சம் எங்கள் தெருக்காரர்களுக்குப் பட்டாவானது. என் அக்கா அஞ்சலையின் கணவர் மாரிமுத்து மச்சானுக்கும் இரண்டு மா நிலம் கிடைத்தது. அவர் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் முன்னால் நிற்கிறவர். கூலிச் சண்டை, குத்தகைச் சண்டை எல்லாவற்றிலும் அவர் குரல் கேட்கும். கொடுத்த நிலம் முழுவதும் பள்ளக்கால். மழைக்காலத்தில் அங்கே தேங்கும் தண்ணீர் ஒரு வடிகால் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வடிகாலின் குறுக்கே ரெகுலேட்டர் என்கிற ஒரு மதகு, அதில் ஒரு ஷட்டர். ஷட்டருக்கு அந்தப் பக்கம் பண்ணையின் மிச்ச நிலமும் களமும் இருந்தன. ஷட்டரைத் திறந்தால் பண்ணைக் களத்தில் தண்ணீர் ஏறும். மூடினால் எங்கள் தெரு முழுகும். ஒவ்வொரு ஐப்பசியிலும் இதற்கு ஒரு தகராறு உண்டு. ஷட்டரை ஏற்றி இறக்க நியமிக்கப்பட்ட லஸ்கர் யாருக்குப் பயப்படுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த வருஷம் அடைமழை. தெருவில் இடுப்பளவு தண்ணீர். சங்கத்து ஆட்கள் போய்ச் சத்தம் போட்டதும் லஸ்கர் வேண்டாவெறுப்பாக ஷட்டரை ஏற்றத் தொடங்கியிருக்கிறார். கொஞ்சம் ஏறியதும் ஒரு பக்கம் சாய்ந்து சிக்கிக்கொண்டது. கைப்பிடி சுற்றவில்லை. "இனிமே என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மச்சானும் இன்னும் சிலரும் கடப்பாரையும் சம்மட்டியும் கொண்டுவந்து அதை விடுவிக்கப் பார்த்திருக்கிறார்கள். அடிக்க அடிக்க ஷட்டர் அசைந்து, தூணில் அது ஏறி இறங்கும் பள்ளமான காடியிலிருந்து பிய்த்துக்கொண்டு மொத்தமாக விழுந்தது. வெள்ளம் பாய்ந்ததில் பண்ணைக் களத்துக் கொட்டகை போயிற்று. அதற்குள் இருந்த காவலாளி சாமிக்கண்ணு போய்விட்டார். அவர் எங்களுக்கும் ஒரு வழியில் உறவு.

ஷட்டரின் ஒரு சக்கரத்தில் விளிம்பு சில்லாக உடைந்திருந்தது. அந்தச் சில் காடிக்குள் மாட்டியிருந்தது. போலீஸ் சொன்னது இது: ஷட்டர் நன்றாகத்தான் இருந்தது; இவர்கள் வேண்டுமென்றே சம்மட்டியால் அடித்துச் சக்கரத்தை உடைத்தார்கள்; அதனால் ஒருவர் செத்தார். லஸ்கரும் அப்படியே சாட்சி சொன்னார். ஷட்டர் தானாகவே சிக்கியது என்று சொன்னால் பராமரிப்பு என்ன ஆயிற்று என்று கேள்வி வரும், அவர் வேலை போகும். குற்றம் சாட்டப்பட்டவர்களில் மாரிமுத்து மச்சான் முதல் எதிரி.

ஆக வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில் வந்து நின்றது. அந்த விளிம்பு சம்மட்டி படுவதற்கு முன்பே தண்ணீரின் சுமையில் உடைந்ததா, இல்லையா?

வெள்ளம் என்று கேட்டதும் நான் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். அந்த இடைவெளியில் போலீசிடமிருந்து எங்கள் அலுவலகத்துக்குக் கேள்வி வந்திருக்கிறது. வடிவமைத்தது எங்கள் அலுவலகம்தானே. வேறொருவர் வழக்கமான முறையில் கணக்குப் போட்டு, வழக்கமான சூத்திரத்தில் எண்களை வைத்து, அழுத்தம் தாங்கும் அளவில் பாதிகூட இல்லை, சக்கரம் தானாக உடைய வாய்ப்பில்லை என்று எழுதியிருந்தார். வைத்திலிங்கம் சார் கையெழுத்துப் போட்டு அது போய்விட்டது. நான் திரும்பி வந்துதான் நகலைப் பார்த்தேன்.

சாரிடம் போனேன்.

"சார், இந்தச் சூத்திரம் சக்கரம் தகட்டு மேல நேரா உக்காந்திருந்தாத்தான் சரி. தண்ணி நெருக்கும்போது ஷட்டர் வளையும். வளைஞ்சா அச்சு சாயும். சாஞ்சா சக்கரம் முழு அகலத்துக்கும் தொடாது, விளிம்புல மட்டும்தான் தொடும்."

அவர் நகலை வாங்கி, எங்கள் ஊர்ப் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தார். பிறகு, "முதல் எதிரி உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"அக்கா வீட்டுக்காரர் சார்."

"அப்ப நீ போடற கணக்கு ஒவ்வொண்ணையும் நான் பாப்பேன். கையெழுத்து என்னுது. கோர்ட்டுக்கும் நான்தான் போவேன். நீ அங்க ஒரு வார்த்த பேசக்கூடாது. சரின்னா ஆரம்பி."

அப்படித்தான் எங்கள் அலுவலகத்தில் கணினியில் தொடு அழுத்தக் கணக்கு தொடங்கியது. விஞ்ஞான ஆர்வத்தால் அல்ல.

முதலில் ரெகுலேட்டருக்குப் போய்த் தூக்குக்குண்டு கட்டி, தூணில் பதித்த தகடுகளை அளந்தேன். ஒரு தகடு சற்றே சாய்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத சாய்வு. உடைந்த சக்கரத்தை அளக்கக் கேட்டபோது, பழைய இரும்போடு இரும்பாக ஏலத்தில் போய்விட்டது என்றார்கள். உருக்கியும் ஆகிவிட்டதாம். வழக்கில் சாட்சிப் பொருளாக இருந்தது சில் மட்டுமே. அதன் உடைந்த முகமும் காடிக்குள் நசுங்கி, எதோடும் பொருந்தாத நிலையில் இருந்தது.

கணினி சென்னையில் ஒரு கல்லூரியில் இருந்தது. சக்கரத்தையும் தகட்டையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் மூலைக்கும் எண் கொடுத்து, அதைத் தாளில் எழுதி, துளையிட்ட அட்டைகளாக மாற்ற வேண்டும். அட்டைகளைச் செருப்புக்கடை அட்டைப் பெட்டியில் அடுக்கி நூல் கட்டி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவேன். ஒரு அட்டை இடம் மாறினாலும் எல்லாம் பாழ். கொடுத்துவிட்டு வந்தால் மறுநாளோ அதற்கு மறுநாளோ அகலமான தாளில் எண்கள் அச்சாகி வரும். படம் எதுவும் வராது. நாமே கட்டத்தாளில் வரைய வேண்டும்.

தொடுதலில் ஒரு தொல்லை இருக்கிறது. எந்தெந்தப் புள்ளிகள் தொடுகின்றன என்பது கணக்குப் போட்ட பிறகுதான் தெரியும். ஆனால் அது தெரியாமல் கணக்கே போட முடியாது. ஆகவே இன்னின்ன புள்ளிகள் தொடும் என்று முதலில் ஊகிக்க வேண்டும். விடை வந்ததும் பார்த்தால் சில புள்ளிகளில் சக்கரமும் தகடும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கும். இரும்பு இரும்பை ஒட்டி இழுக்காதல்லவா, அந்தப் புள்ளிகளை விடுவிக்க வேண்டும். வேறு சில இடங்களில் ஒன்று மற்றொன்றுக்குள் புகுந்திருக்கும். அவற்றைப் பிடித்துக் கட்ட வேண்டும். மறுபடி அட்டை, மறுபடி பஸ். புகுந்துவிடாமல் தடுக்க இடையில் கற்பனையாக ஒரு சுருள்வில் வைப்போம். வில் தளர்வாக இருந்தால் புகுந்துவிடும். மிக விறைப்பாக இருந்தால் கணக்கு ஆட்டம் கண்டு எண்கள் கண்டபடி குதிக்கும். நடுவில் எங்கே நிறுத்துவது என்பதைத் தட்டுத்தடுமாறித்தான் கற்றேன்.

சாய்ந்த சக்கரத்தைத் தொடவே சார் விடவில்லை. "நேரா நிக்கிற சக்கரத்துக்குச் சூத்திரம் இருக்குல்ல. உன் மிஷின் அந்த விடைய முதல்ல கொண்டுவரட்டும். தெரிஞ்சதையே சொல்லத் தெரியாதது, தெரியாததை எப்படிச் சொல்லும்?"

முதல் விடை சூத்திரத்தில் பாதிகூட வரவில்லை. நான் பிரித்த கட்டம் தொடுகிற கோட்டைவிடப் பெரியது. கோட்டில் குவிய வேண்டிய அழுத்தத்தைக் கட்டம் முழுக்கப் பரப்பி மழுக்கியிருந்தது. தொடுமிடத்தில் மட்டும் கட்டத்தை நறுக்கினேன். கொஞ்சம் நெருங்கியது. இன்னும் நறுக்கினேன். தாளைப் பார்த்து சார் புள்ளி வைத்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் சூத்திரத்தின் மேலேயே கணினியின் வளைகோடு போய் உட்கார்ந்தது. சார் தாளைக் கீழே வைத்து, "இனிமே சாய்" என்றார்.

சாய்த்தேன். விளிம்பில் அழுத்தம் எகிறியது. சக்கரத்தின் வார்ப்பிரும்பு தாங்கும் அளவைத் தாண்டி வெகுதூரம் போனது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சென்னை பஸ் நிலையத்தில் அழுதேன். மச்சான் தப்பித்துவிட்டார் என்று நினைத்தேன்.

சார் படித்துவிட்டு, "கட்டத்த இன்னும் நறுக்கு" என்றார்.

நறுக்கினேன். அழுத்தம் இன்னும் கூடியது. மறுபடி நறுக்கினேன். மறுபடி கூடியது. நேராக நின்ற சக்கரத்தில் ஓரிடத்தில் போய் நின்ற எண், இங்கே நிற்கவே இல்லை. வரைபடத்தில் விளிம்பைக் கூரான மூலையாகப் போட்டிருந்தார்கள். கூரான மூலைக்கு முடிவான எண் கிடையாது. கட்டம் சின்னதாகச் சின்னதாக ஏறிக்கொண்டேதான் போகும். நிஜச் சக்கரத்தின் விளிம்பில் வார்ப்பிலும் கடைசலிலும் வந்த ஒரு மெல்லிய வளைவு இருக்கும். அந்த வளைவு தெரிந்தால் எண் நிற்கும். சக்கரம்தான் உருகிப்போய்விட்டதே.

"சார், எண் நிக்கலைங்கறத அறிக்கையில எழுத வேணாம். தாங்கும் அளவத் தாண்டுது, அது நிச்சயம். அத மட்டும் சொல்லுவோம்."

"எது நிக்கலையோ அதையும் எழுது."

"சார், அது எதிர்த்தரப்புக்குக் கத்தி எடுத்துக் குடுக்கற மாதிரி."

"தங்கராசு, எழுது" என்றார். என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டது அபூர்வம். எழுதினேன். எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு அழுத்தம் என்ற அட்டவணை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் போனது.

ஜில்லா கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா விழுந்து ஒருநாள் மச்சான் தரப்புச் சாட்சியாகச் சார் கூண்டில் ஏறினார். அக்கா வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். நான் கடைசி பெஞ்சில். அரசு வக்கீல் நடுத்தர வயதுக்காரர். சத்தமே போடவில்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுந்தார்.

"உங்க ஆபீஸ்லேருந்து முதல்ல வந்த அறிக்கை, சக்கரம் தானா உடையாதுன்னு சொல்லுது. கையெழுத்து உங்களுதுதானே?"

"ஆமா."

"இப்ப உடையும்னு சொல்றீங்க. இதுலயும் உங்க கையெழுத்து."

"ஆமா. முதல்ல சக்கரம் நேரா நிக்கிறதா வச்சுக்கிட்டோம். அது சரியில்ல. இப்ப சாய்வையும் சேத்திருக்கோம்."

"சரிங்க. இதுல கட்டங்கட்டமாப் பிரிக்கிறீங்க. கட்டத்தச் சின்னதாக்கினப்ப அழுத்தம் கூடிச்சா?"

"கூடிச்சு."

"அதவிடச் சின்னதாக்கினா?"

"இன்னும் கூடும்."

"எங்க போயி நிக்கும்?"

சார் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "விளிம்பு கூரா இருந்தா நிக்காது. நிஜத்துல விளிம்புல ஒரு வளைவு இருக்கும். அது தெரிஞ்சா நிக்கும்."

"அந்த வளைவு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நாங்க கேட்டப்ப சக்கரம் ஏலத்துல போயிடுச்சு."

"அப்ப சக்கரத்து மேல விழுந்த அழுத்தம் எவ்வளவுன்னு ஒரு எண் உங்களால சொல்ல முடியுமா?"

"எந்த வளைவ எடுத்துக்கிட்டாலும் நியாயமா..."

"எண் சொல்ல முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லுங்க."

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு எண், ஏதாவது ஒரு எண். அவர் சொன்னால் யாராலும் மறுக்க முடியாது. அந்த ஜில்லாவில் அந்தக் கணக்கைச் சரிபார்க்க இன்னொரு ஆள் இல்லை.

"முடியாது" என்றார் சார்.

ஒரே இயந்திரம், ஒரே அலுவலகம், ஒரே கையெழுத்து, ஆனால் கேட்கக் கேட்க மாறும் விடை. இதை நம்பி ஒரு முடிவுக்கு வர இயலாது என்று தீர்ப்பில் எழுதியிருந்தார்கள். கணக்கைத் துல்லியமாக்கத் துல்லியமாக்க அது பொய்யின் சாயலை அடைந்ததை நான் அன்று கண்ணால் பார்த்தேன். மச்சானுக்கும் மற்றவர்களுக்கும் தண்டனை ஆயிற்று. அவரைத்தான் அதிக காலம் உள்ளே வைத்தார்கள்.

தீர்ப்பு வந்த வாரம் வைத்திலிங்கம் சார் என்னையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார். எதற்கு என்று சொல்லவில்லை. அக்கா வீட்டு வாசலில் நின்றார். அக்கா நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து போட்டாள். அவர் உட்காரவில்லை.

"உங்க வீட்டுக்காரர் அத உடைக்கலம்மா. எனக்குத் தெரியும்" என்றார்.

அக்கா கோபப்படவில்லை. சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். "தெரியும்ல சார். அப்புறம் ஏன் சார் தெரியாதுன்னீங்க? ஏதாவது ஒரு எண்ணச் சொல்லியிருக்கலாமே."

சார் கைகூப்பிவிட்டுத் திரும்பி நடந்தார். பஸ்ஸில் திருச்சி வரும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அவர்மேல் எனக்கு ஆத்திரம் இருந்தது. இன்றுவரை அது முழுதாகப் போகவில்லை. ஆனால் அவர் இடத்தில் நான் ஏறியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் சொல்லிக் கொடுத்த பிறகு, வேறு எதையும் சொல்ல என்னாலும் முடிந்திருக்காது. அதுவும் ஒரு ஆத்திரம்தான்.

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் அந்த எண்ணை நிற்க வைக்கிற வேலை. திருவிடைமருதூர்ப் பக்கம் இன்னொரு வடிகாலில் அதே வார்ப்பில் வந்த சக்கரங்கள் இருப்பதாகத் தெரிந்தது. அங்கே போய் விளிம்பில் மெழுகை அழுத்தி அச்சு எடுத்து, அதைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் வைத்து வளைவை அளந்தேன். ஒவ்வொரு சக்கரத்திலும் கொஞ்சம் மாறுபட்டது. மிகக் குறைந்தது, மிக அதிகமானது இரண்டையும் எடுத்துக்கொண்டேன். அந்த வளைவின் மேல் பல கட்டங்கள் விழும் அளவுக்கு நறுக்கினேன். அதற்குள் கணினிகளும் பெரிதாகிவிட்டன. எந்தப் புள்ளி தொடுகிறது என்று அதுவே பார்த்துக்கொள்ளும்படி புரோகிராம் எழுதக் கற்றிருந்தேன். எண் ஏறியது, ஏற்றம் குறைந்தது, நின்றது. இன்னும் நறுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. எந்த வளைவை எடுத்தாலும் வார்ப்பிரும்பு தாங்காது. கழற்றி வைத்த ஒரு பழைய சக்கரத்தைக் கல்லூரிச் சோதனைக்கூடத்தில் அதே சாய்வில் வைத்து நெருக்கினோம். விளிம்பு பொட்டென்று சில்லாகத் தெறித்தது. கணக்குச் சொன்ன சுமைக்குப் பக்கத்தில்தான் தெறித்தது.

சார் அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணுக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். பென்சில் கையில் இருந்தது. ஒரு பக்கத்திலும் புள்ளி விழவில்லை.

"சரியா இருக்கு" என்றார். பிறகு, "இத அன்னைக்கு வச்சிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் உள்ளே போய்விட்டார். நான் எழுந்து வந்தேன்.

சென்னையில் எங்கள் வக்கீல் தாளைப் பார்க்கவே இல்லை. "அப்பீல் எப்பவோ தள்ளுபடி ஆயிடுச்சு தம்பி. நிபுணர் சாட்சிய ஏற்கெனவே கேட்டாச்சு. அதே ஆபீஸ், மூணாவது விடையக் கொண்டாந்தா சிரிப்பாங்க" என்றார். ஊரில் ஆளுங்கட்சிக்காரர் ஒருவர், "நம்ம ஆட்சிதான், மனு எழுதிக் குடு" என்று வாங்கிக்கொண்டு போனார். ஆட்சி மாறியது. அடுத்த கட்சிக்காரரும் அதையே சொல்லி வாங்கிக்கொண்டு போனார். இருவரையும் வெவ்வேறு சமயத்தில் பண்ணை வீட்டுக் கல்யாணத்தில் முன்வரிசையில் பார்த்தேன்.

சிறையில் மச்சானைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கணக்கு எங்கே நிற்கிறது என்று விசாரிப்பார். முதலில் ஆவலாகக் கேட்டார். பிறகு எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று கேட்டார். எண் நின்றுவிட்டது என்று நான் சொன்ன அன்று, "அப்படியா, நல்லது மாப்ள. அஞ்சல நடவுக்குப் போறாளா?" என்றார். நடவு ஏது? தனியாளாக அக்காவால் அந்தப் பள்ளக்காலில் தாக்குப்பிடிக்க முடியவில்லை. முதலில் குத்தகைக்குப் போயிற்று. பிறகு பேருக்கு ஒரு பத்திரம் எழுதிக் கைமாறிற்று. யாரிடமிருந்து எடுத்த நிலமோ அவர்களிடமே, வேறொரு பெயரில், திரும்பிப் போய்ச் சேர்ந்தது. நான் சம்பளத்தில் மீட்டுத் தருகிறேன் என்றபோது அக்கா, "அந்த மண்ணே வேணாம் தம்பி" என்று சொல்லிவிட்டாள்.

மச்சான் வெளியே வந்தபோது முடி நரைத்திருந்தது, பேச்சு குறைந்திருந்தது. சங்கத்துப் பையன்கள் மாலை கொண்டு வந்தார்கள். அதைக் கையில் வாங்கிச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிவிட்டார்.

இதற்கிடையில் அலுவலகத்தில் ஒன்று நடந்தது. என் கணக்கை வைத்துப் புது உத்தரவு வந்தது. இனி எந்த ஷட்டருக்கும் தட்டையான சக்கரம் கூடாது. நடுவில் சற்றே மேடாக, பீப்பாய் போலக் கடைந்த சக்கரம்தான் போட வேண்டும். பழைய சக்கரங்களை ரெகுலேட்டர் ரெகுலேட்டராக மாற்ற வேண்டும். உத்தரவில் காரணமும் இருந்தது: விளிம்பில் தொடும்போது தாங்கும் அளவை மீறிய அழுத்தம் ஏற்படுகிறது. எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். இந்த உத்தரவை அந்த வழக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று மேலே எழுதினேன். வழக்கு வேறு, வடிவமைப்பு வேறு என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார்கள்.

எங்கள் ஊர் ரெகுலேட்டருக்குச் சக்கரம் மாற்றும் முறை வந்தது. சோதிக்கும் பொறியாளராக நான் போனேன். கோடையில் வடிகால் வறண்டு கிடந்தது. லாரியிலிருந்து சக்கரங்களை இறக்கித் தோளில் சுமந்து கரை வழியாக ஷட்டருக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்த கூலியாட்களில் மாரிமுத்து மச்சானும் ஒருவர். எனக்குத் தெரியாது. கண்டிராக்டர் உள்ளூர் ஆட்களைப் பிடித்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவர் சங்கடப்படவில்லை. நான்தான் குடையை மடக்கி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அவர் குனிந்து ஒரு சக்கரத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஏன் மாப்ள, இது நடுவுல மேடா இருக்கு?"

"ஷட்டர் சாஞ்சாலும் விளிம்பு தொடாம இருக்கத்தான் மச்சான்."

"பழசு தட்டையா இருந்துச்சுல்ல."

"ஆமா. அதனாலதான் விளிம்புல தொட்டுது."

"தொட்டதாலதான் உடைஞ்சுது."

"ஆமா மச்சான்."

அவர் உள்ளங்கை அந்த மேட்டின் மேலேயே இருந்தது. "இது உங்க ஆபீசுக்கெல்லாம் தெரியுமா இப்ப?"

"தெரியும். உத்தரவே போட்டிருக்காங்க."

"எல்லா ஊருலயும் மாத்துறாங்களா?"

"எல்லா ஊருலயும்."

அவர் நிமிர்ந்து கரையில் வேலை செய்துகொண்டிருந்தவர்களைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ. மேஸ்திரி தூரத்திலிருந்து, "யோவ், ஆபீசர்கிட்ட என்னய்யா பேச்சு? பொழுது போவுது பாரு" என்று கத்தினார்.

"வந்துட்டேன்" என்றார் மச்சான். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினார்.

"தனியா ஏத்த முடியல மாப்ள. ஒரு கை குடு."

குடையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தூக்கி அவர் தோளில் வைத்தேன்.